காங்கேசன்துறையில் எங்கே தங்கலாம்?

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் ஆளில்லாமல் கிடந்தன. வேறு ஊர்களில் இதை வசதி என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் இதற்கென்று ஓர் அதிகாரசபை இருக்கிறது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குக் கிட்ட, அப்பாவின் வளவில் நான் கட்டிய வீடு. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது, தொண்ணூறாம் ஆண்டு, சண்டை வந்து இந்த வளவை விட்டு எழும்பினோம். ஒரு நாளில் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் அம்மா உளுந்து ஊறப்போட்டுவிட்டு வந்தவர். அந்த ஒரு நாள் இருபத்தேழு வருடமாயிற்று. இராணுவம் காணியைத் திருப்பித் தந்தபோது கிணற்றையும் மூன்று பனைகளையும் வைத்துத்தான் எங்கள் வளவு இதுதான் என்று கண்டுபிடித்தோம்.

கல்லுக் கல்லாகச் சேர்த்து வீட்டைக் கட்டி முடித்த பிறகு சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற கேள்வி வந்தது. சுன்னாகம் சந்தையில் வெங்காயம் நிறுத்துக் கொடுக்கும் சம்பளம் எனக்கும், என் மனைவி கஜந்தினிக்கும், மகள் ஆரணிக்கும் மாதத்தில் இருபது நாளுக்குத்தான் காணும்; அதற்கு மேல் போதாது. மிச்சம் பத்து நாளும் கஜந்தினியின் தம்பி கஜீபன் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் வருவான்.

"அத்தான், உங்கை இருந்து என்ன செய்யப் போறியள்? விசிட்டர் விசாவுக்குப் போடுங்கோ. முதல்லை நீங்கள் வாங்கோ. அக்காவையும் பிள்ளையையும் பிறகு எடுப்பம்."

விண்ணப்பத்தை அவனே போட்டுவிட்டான். கொழும்பில் கைரேகை வைப்பதற்கு ஒக்டோபர் இருபத்திரண்டாம் திகதி குறித்தாயிற்று. எனக்குப் போக விருப்பமில்லை. அடுத்தவன் வீட்டுக் கூரையைப் பார்த்துப் படுத்தே வளர்ந்தவன் நான். சொந்தக் கூரைக்குக் கீழே படுத்தது இன்னும் எனக்குக் காணவில்லை.

கஜந்தினிதான் வழி சொன்னாள். "இந்தியாவிலை இருந்து கப்பல்லை வாற சனம் எங்கை தங்கிறதெண்டு தெரியாமல் ஓட்டோக்காரரைக் கேட்டுக்கொண்டு நிக்குது. எங்கடை ரெண்டு அறையையும் குடுப்பம். மாசம் பத்துப் பேர் வந்தாக் காணும். நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை."

இப்படித்தான் நான் தீபகற்ப விருந்தோம்பல் தரநிர்ணய அதிகாரசபையின் வாசலுக்குப் போனேன்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் மூன்று மாடி அலுவலகம்; எங்கள் வாயில் கந்தோர். உல்லாசப் பயணிகள் எங்கே தங்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவர்களுடைய வேலை. வருகிற பயணியே அதைத் தீர்மானித்தால் என்ன என்று வாசலில் இருந்த காவலாளியிடம் கேட்டேன். "அண்ணை, அப்ப உள்ளுக்கை இருக்கிற அறுபது பேரும் என்ன செய்யிறது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கந்தோரில் எனக்கு நேராகப் பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

விண்ணப்பம் முப்பத்தொரு பக்கம். அதன் கடைசியில் 'உண்மையான யாழ்ப்பாண அனுபவம்' என்று ஒரு பின்னிணைப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த நான் அந்த அனுபவத்தை முதன்முதலாக அதில்தான் வாசித்தேன். வளவில் கிணறு இருக்க வேண்டும். அது விருந்தினரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அதில் எவரும் தண்ணீர் அள்ளக் கூடாது. சேவல் ஒன்று இருக்க வேண்டும்; அது காலை ஆறரை மணிக்கு முன் கூவக் கூடாது. அறையில் பனையோலை விசிறி தொங்க வேண்டும். அதை எடுத்து விசிறக் கூடாது. வீட்டுப் பெண் விருந்தினரை முகமலர்ச்சியோடு வரவேற்க வேண்டும். முகமலர்ச்சி மூன்று செக்கனுக்குக் குறையக் கூடாது.

கஜந்தினி கண்ணாடிக்கு முன்னால் நின்று மூன்று செக்கன் சிரித்துப் பழகினாள். ஆரணி மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குச் சொன்னாள். சேவலுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் அதை ஓலைப்பெட்டியான கடகத்தால் மூடி, மேலே சாக்கும் போட்டு, ஆறரைக்குத் திறந்துவிட்டோம். இரண்டு நாளில் அது கூவுவதையே விட்டுவிட்டது. விண்ணப்பத்தில் 'சேவல்: உண்டு, ஒழுங்கானது' என்று எழுதினேன்.

அடுத்தது பார்வைக்குரிய இடம். வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றருக்குள் அதிகாரசபை அங்கீகரித்த இடம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. இதைச் சரிபார்க்கக் கமலாவதி என்ற உத்தியோகத்தர் வந்தார். நான் அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். வடக்கே பார்த்தால் கடல், கடலில் கப்பல், கரையில் பழைய வெளிச்சவீடு. அவர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று கோப்பைப் பிரித்தார்.

"உங்களுக்குக் கிட்ட ஒரு இடமும் இல்லையே, அண்ணை."

"கடல் இருக்குத்தானே, மிஸ்?"

"கடல் பட்டியலிலை இல்லை."

"ஏன் மிஸ்?"

"பட்டியலிலை ஏத்திறதெண்டால் அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் ஒப்புதல் கடிதத்திலை கையெழுத்து வைக்க வேணும். கடலுக்கு ஆர் பொறுப்பு? நாங்கள் மூண்டு கந்தோருக்கு எழுதிப் பாத்திட்டம். ஒருத்தரும் ஏற்கினம் இல்லை."

"அப்ப, வாற ஆக்கள் கடலைப் பாத்தால்?"

"பாக்கலாம். அது அவையின்ரை சொந்தப் பொறுப்பு. நீங்கள் கை நீட்டிக் காட்டக் கூடாது."

நான் முகம் வாடி நின்றதைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. நல்ல மனுஷி. கோப்பைத் திரும்பவும் புரட்டி, ஒரு கிலோமீற்றர் தூரத்தில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்துத் தந்தார். அது அதிகாரசபையின் காங்கேசன்துறை உபகந்தோர். போன வருடம் நாடா வெட்டித் திறந்தது. அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதில் சந்தேகம் இல்லாததால் கையெழுத்து உடனே கிடைத்திருந்தது. என் வீட்டில் தங்கும் ஒவ்வொரு பயணியையும் அந்தக் கந்தோரைப் பார்க்கக் கூட்டிப்போவேன் என்று நான் உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். பௌர்ணமிப் போயா விடுமுறைகளிலும் சனி, ஞாயிறுகளிலும் வெளியிலிருந்து பார்க்கலாம்.

இனி ஒன்றுதான் மிச்சம், இரகசியப் பரிசோதனை. அதிகாரசபையின் பரிசோதகர் ஒருவர் சாதாரணப் பயணியாக வந்து ஒருநாள் தங்குவார். அவர் யார் என்று வீட்டாருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பரிசோதனை செல்லாது. யாரோ வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து எழுதிய விதி. அதை எழுதியவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்த அனுபவம் இருந்திருக்க முடியாது.

ஏனென்றால், எங்கள் பக்கத்தில் படலையைத் திறந்து வருகிற எவரிடமும் மூன்று கேள்வி கேட்போம். எவடம்? அங்கை எந்தப் பக்கம்? ஆற்றை ஆள், அதாவது யாருடைய சொந்தம்? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் சாதி பார்க்கும் கூடாத நோக்கம் இருந்த காலமும் உண்டு, இப்போதும் சில வீடுகளில் உண்டு. கஜந்தினிக்கு அது இல்லை. வந்தவரை எப்படியாவது சொந்தக்காரர் ஆக்கிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய அவா. மூன்றாவது கேள்வியில் ஆகாவிட்டால் நான்காவதும் கேட்பாள்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் பின்னேரம் முதலாவது ஆள் வந்தார். முப்பது வயது இருக்கும். பெயர் றோய் என்றும் கொழும்பில் வியாபாரம் என்றும் சொன்னார். கஜந்தினி மூன்று செக்கன் சிரித்தாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். பிறகு கதவு நிலையில் சாய்ந்துகொண்டு தொடங்கினாள்.

"தம்பிக்குச் சொந்த இடமே கொழும்போ?"

"ஓம் அக்கா. வெள்ளவத்தை."

"வெள்ளவத்தை ஒருத்தருக்கும் சொந்த இடம் இல்லை, தம்பி. அதுக்கு முதல்?"

"அது... அளவெட்டி."

"அளவெட்டியிலை எந்தப் பக்கம்?"

"பிள்ளையார் கோயிலடி."

"இராசநாயகம் மாஸ்ரர் வீட்டுக்கு இஞ்சாலையோ அங்காலையோ?"

அவர் கையில் எடுத்த புட்டை வாயில் வைக்காமல் இருந்தார். "அந்த வீடுதான் அக்கா," என்றார்.

"அட! அப்ப நீங்கள் எங்கடை சுபா அக்காவின்ரை மச்சான்! உல்லாசப் பயணக் கந்தோரிலை வேலை கிடைச்சதெண்டு அக்கா போன கலியாணத்திலை சொன்னவ. இன்னும் கொஞ்சம் புட்டுப் போடட்டே?"

நான் குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். காலையில் அவர் அறைக் கட்டணத்தை நீட்டினார். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் பரிசோதனை முழுமையாகாது என்று கெஞ்சினார். கஜந்தினி வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். சுபா அக்காவின் மச்சானிடம் தங்கியதற்குக் காசு வாங்கினால் பிறகு எந்த முகத்தோடு கலியாணவீட்டுக்குப் போவது என்று கேட்டாள். பதிலாக அரை டசின் மாம்பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. பரிசோதகரின் அடையாளம் வெளிப்பட்டமையாலும், கட்டணம் மறுக்கப்பட்டமையாலும், பரிசோதகருக்குக் கனிவகை வழங்கப்பட்டமையாலும் பரிசோதனை செல்லாது. கட்டடத்துக்குப் புள்ளி தொண்ணூற்றாறு. வீட்டாருக்குப் பூச்சியம்.

"இனி ஆர் வந்தாலும் ஒண்டும் கேளாதையும்," என்றேன்.

"அப்ப என்ன, வாயைத் தைச்சுப்போட்டு இருக்கட்டோ?"

"ஒக்டோபர் இருபத்திரண்டு மட்டும் தைச்சு வைச்சிரும்."

அந்தத் திகதியைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. கேட்க மாட்டேன் என்று ஆரணியின் தலையில் கைவைத்துச் சொன்னாள்.

இரண்டாவதாக வந்தவர் ஒரு பெண். பெயர் ஜெசிதா, ஊர் குருநகர் என்று வந்த உடனே தானே சொல்லிவிட்டார். கஜந்தினி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "இஞ்சருங்கோ, இவ வேதக்காரர், மாதா கோயில் ஆள். குருநகரிலை எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. ரெண்டு வார்த்தை கதைச்சால் ஒண்டும் பிழைக்காது," என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாவம், காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டு திரிந்தவள்.

அவர்கள் குசினிக்குள் இருந்து மீன் விலை கதைத்தார்கள். மழை கதைத்தார்கள். அதிலிருந்து எப்படியோ, ஒலிபெருக்கியில் சொல்லி ஊரையே எழுப்பிய தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அங்கேதான் போய் நிற்கும்.

"நீங்கள் அப்ப எங்கை இருந்தனீங்கள், தங்கச்சி?"

"சாவகச்சேரியிலை, அக்கா. ஒரு பள்ளிக்கூடத்திலை. ஆறாம் வகுப்பு அறை. ஏழு குடும்பம்."

"யன்னலுக்குக் கதவில்லாத அறையோ?"

"ஓம். எங்கடை அப்பாதான் அதுக்கு மழை அடிக்காமல் படங்கு கட்டினவர்."

"சிமியோன் அங்கிளோ? நீர் சிமியோன் அங்கிளின்ரை ஜெசியோ?"

பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். படங்கு கட்டிய ஒரே அறையில் ஆறு மாதம் படுத்தவர்களைச் சொந்தமில்லை என்று எந்த விதியில் எழுதலாம் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் அது என்ன கண்ணீர் என்று என்னால் திடமாகச் சொல்ல முடியாது. ஒக்டோபர் இருபத்திரண்டுக்கு ஐந்து கிழமைதான் இருந்தது.

தான்தான் பரிசோதகர் என்று ஒப்புக்கொண்ட ஜெசிதா, பொய் எழுத மறுத்துவிட்டார். "அக்கா, என்னைக் குறை நினைக்கவேண்டாம். தெரிஞ்சிட்டுது எண்டுதான் எழுத வேணும்," என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகப்பன் சிமியோனையும் ஒரு பை விளைமீனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்கும் அறையைக் கொடுத்தோம். அதற்கும் காசு வாங்க முடியவில்லை.

மூன்றாவது தடவை அதிகாரசபை தன் தலைமைப் பரிசோதகரையே அனுப்பியது. அது தலைமைப் பரிசோதகர்தான் என்று எனக்குப் பார்த்தவுடனே விளங்கிற்று. பொழுதுபட்டபிறகும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் வீட்டுக்குள் நடந்தால் வேறு யாராக இருக்கும்? எனக்கு விளங்கியதை நான் கஜந்தினிக்குச் சொல்லவில்லை. அவளுக்கு விளங்கியதை அவளும் எனக்குச் சொல்லவில்லை. வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ என்ற மூன்று சொல்லுக்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை. உதட்டை உள்ளுக்குள் மடித்துப் பல்லால் பிடித்துக்கொண்டு இடியப்பம் பரிமாறினாள்.

அவர் சாப்பிட்டார். எழும்பி நடந்தார். திரும்ப வந்து இருந்தார். விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன். அரை மணித்தியாலம் இப்படியே போயிற்று. கடைசியில் அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, இது என்ன வீடு? வந்து இவ்வளவு நேரமாச்சு, ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கிறியள் இல்லை. எனக்குச் சாப்பாடு செமிக்குதில்லை. சரி, நானே கேக்கிறன். நீர் எவடம்?"

கஜந்தினி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"சுழிபுரம், ஐயா," என்றாள். அதற்கு மேல் அவளாலும் முடியாதுதானே.

"சுழிபுரத்திலை ஆற்றை மகள்?"

பத்து நிமிடம் பிடிக்கவில்லை. அவர் பெயர் மார்க்கண்டு என்றும், கஜந்தினியின் தாயாருக்கு மாமன் மகன் என்றும், சின்ன வயதில் அவரும் தாயாரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள் என்றும் தெரியவந்தது. அவர் சந்தோசத்தில் எழும்பி நின்றார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"ஐயோ, பிள்ளை! முப்பது வருசச் சேவை. என்னை நானே காட்டிக்குடுத்திட்டன்!"

நேர்மையான மனிதர். தனக்கு எதிராகத் தானே அறிக்கை எழுதி, அதன் கீழே தானே சாட்சிக் கையெழுத்தும் வைத்தார்.

ஒக்டோபர் ஒன்பதாம் திகதி என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். அதிகாரசபையின் பணிப்பாளர் நாயகம் கனகசபாபதி அவர்கள் தலைமை வகித்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அவர் ஆய்வுப் பயணம் போன நாடுகளின் படங்கள். ஒவ்வொரு படத்திலும் அவர் நின்றதால் நாடுகள் சரியாகத் தெரியவில்லை.

"மிஸ்டர் சிவகரன்," என்று தொடங்கினார், "விருந்தோம்பல் எண்டது தமிழன்ரை ரத்தத்திலை ஊறினது. எங்கடை அபிவிருத்திக்கு அதுதான் பெரிய தடை. நான் பதினொரு நாட்டுக்குப் போய் ஹோட்டல்களிலை தங்கிப் பாத்தனான். ஒரு இடத்திலையாவது 'சாப்பிட்டியளோ' எண்டு என்னை ஒருத்தன் கேக்கேல்லை. நான் ஆர், எவடம் எண்டு ஒருத்தனுக்கும் கவலையில்லை. செத்துக் கிடந்தாலும் பதினொரு மணிக்கு அறை காலி பண்ண வேண்டிய நேரத்திலைதான் கதவைத் தட்டுவான். அதுதான் சர்வதேசத் தரம்!"

சுற்றி இருந்த உத்தியோகத்தர்கள் தலையாட்டினார்கள்.

"நான் பதவிக்கு வந்து நாலு வருசம். இந்த நாலு வருசத்திலை எங்கடை பதிவு வீடுகளைப் பற்றி ஒரு பயணியும் ஒரு முறைப்பாடு தரேல்லை."

"எத்தனை வீடு பதிஞ்சிருக்கு, ஐயா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்டும் பதியேல்லை. தரத்திலை நாங்கள் விட்டுக்குடுக்கிறேல்லை."

"ஐயா, எனக்கு இருபத்திரண்டாம் திகதிக்கு முதல் ஒரு முடிவு வேணும். இல்லாட்டி நான் வெளிநாடு போக வேண்டிவரும்."

"வெளிநாடோ? மிக நல்லது. போனால் நல்ல ஹோட்டல்களாப் பாத்துத் தங்குங்கோ. அனுபவம் வரும்." அவர் என் கோப்பை மூடினார். "பயப்பிடாதையுங்கோ. வீட்டிலை ஒரு பிழையும் இல்லை. தொண்ணூற்றாறு புள்ளி. பிரச்சினை வீடில்லை, தம்பி. பிரச்சினை நீங்கள்தான். அதுக்கு ஒரு உபகுழு போட்டிருக்கிறன்."

உபகுழு எட்டே நாளில் முடிவெடுத்தது. அதிகாரசபையின் சரித்திரத்தில் இப்படி ஒரு வேகம் இருந்ததில்லை என்று காவலாளியே சொன்னார். பதினேழாம் திகதி மண்டபத்தில் விழா. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஆறு பேர் பேசினார்கள். யாழ்ப்பாணத்தின் முதலாவது தரச்சான்று பெற்ற வீடு எங்களுடையது என்று அறிவித்தபோது கைதட்டல். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழையும், தடித்த விருந்தினர் பதிவேடு ஒன்றையும் பணிப்பாளர் நாயகம் என் கையில் தந்தார். இனி எங்கும் போகத் தேவையில்லை என்று நினைத்தேன். கதிரையில் வந்து இருந்த பிறகுதான் சான்றிதழின் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை வாசித்தேன்.

'இச்சான்றிதழ் வீட்டுக்கு மட்டுமே உரியது. பரிசோதனையின் நடுநிலையையும் கட்டண ஒழுங்கையும் பேணும் பொருட்டு, பதிவு செய்யப்பட்ட விருந்தினர் தவிர்ந்த எவரும், குறிப்பாக வீட்டு உரிமையாளரும் குடும்பத்தினரும், இவ்வளவினுள் தங்கியிருத்தல் ஆகாது.'

விழா முடிந்து பணிஸும் தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பணிப்பாளர் நாயகத்திடம் போனேன்.

"ஐயா, அப்ப நாங்கள் எங்கை இருக்கிறது?"

"அது எங்கடை விசயம் இல்லையே, தம்பி. தங்க இடம் பாத்துக் குடுக்கிறது பயணிகளுக்கு மட்டும்தான்." ஆனால் மனம் இளகிவிட்டது போலும். கோட்டுப் பையிலிருந்து மினுங்கும் மடிப்புத் தாள் ஒன்றை எடுத்துத் தந்தார். "இண்டைக்குத்தான் அச்சடிச்சு வந்தது. இதிலை பாருங்கோ. நல்ல இடமா ஒண்டு அகப்படும்."

'காங்கேசன்துறையில் எங்கே தங்கலாம்?' என்று தலைப்பு. உள்ளே ஒரே ஒரு வீடுதான் இருந்தது. என் வீட்டின் படம், விலாசம், மூன்று பனை. உண்மையான யாழ்ப்பாணக் குடும்பத்தின் இல்லம் என்று எழுதியிருந்தது.

"உள்ளூர் ஆக்களும் இதிலை பதிஞ்சு தங்கலாமோ, ஐயா?"

"தாராளமா! உள்நாட்டுச் சுற்றுலாவை ஊக்குவிக்கிறதுதான் அடுத்த வருசத்து எங்கடை இலக்கு."

பஸ்ஸில் வரும்போது கஜந்தினிக்கு அந்தச் சின்ன எழுத்தைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, சான்றிதழை என்னிடமிருந்து வாங்கி, அந்தச் சின்ன எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். "அண்டைக்கு ஒலிபெருக்கியிலை சொல்லி எழுப்பினவங்கள்," என்றாள். "இண்டைக்குக் கண்ணாடி போட்டுத் தந்திருக்கிறாங்கள்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை மாதமும் வராத ஆத்திரம். கஜீபனுக்குத் தொலைபேசி எடுத்து நான் வரவில்லை என்றேன். சான்றிதழ் கிடைக்கவில்லையா என்று கேட்டான். "கிடைச்சிட்டுது. அதாலைதான் இனி வீட்டை விட்டு அசையேலாது," என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. வெங்காயக் கடை வேலையை விடவில்லை என்று முதலாளிக்கும் சொன்னேன். மாதத்தில் இருபது நாள் சாப்பிடலாம். மிச்சத்துக்கு வளவில் மரவள்ளி நடலாம்.

பிறகு அதிகாரசபை தந்த பதிவேட்டை மேசையில் விரித்து முதலாவது பக்கத்தை நிரப்பினேன். விருந்தினர் பெயர்: சிவகரன், கஜந்தினி, ஆரணி. நிரந்தர விலாசம்: இந்த வீடு. எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கட்டத்தில் மல்லாகம், கொக்குவில், சாவகச்சேரி, கிளிநொச்சி, திரும்பவும் மல்லாகம் என்று எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். வருகையின் நோக்கம்: இருப்பதற்கு. கடைசிக் கட்டம் வெளியேறும் திகதி. அதை வெறுமையாக விட்டால் பதிவு செல்லாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நான் பேனையைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கஜந்தினி பேனையை என் கையிலிருந்து பிடுங்கினாள். திகதி எழுத வேண்டிய இடத்தில், கட்டத்துக்கு வெளியே போனாலும் பரவாயில்லை என்று, பெரிய எழுத்தில் எழுதினாள்:

'ஒருக்கா வெளியேறினது காணும்.'